ஸ்லாட்டில் ஏறினால் மட்டும் போதாது: முதல் டெஸ்க்டாப்புக்குப் பாகம் சேர்ப்பது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ப்ராசசர் இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அதே சமயத்தில் ரேம் விலையும் ஏறத் தொடங்கியது. ஏஐ சர்வர்களுக்கான மெமரிச் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுத்ததால், சாதாரண டெஸ்க்டாப் ரேமின் வரத்து குறைந்தது; பல ரேம் செட்டுகளின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையாக விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது.

இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைய குழப்பம். பழைய கணினியை மாற்ற வேண்டிய கட்டாயம் ஒரு பக்கம், தவறாக வாங்கினால் இழப்பு அதிகம் என்ற நிலை மறுபக்கம். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இருக்கும் நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அடிப்படைப் பாகங்கள் உள்ளூர்க் கடையில் கிடைக்கும். கொஞ்சம் குறிப்பான மாடல் வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும், அல்லது ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். ஒரு பாகம் ஒத்துவராவிட்டால் அதை மாற்ற ஒரு நாள் வேலை கெடும். ஆன்லைன் என்றால் ஒரு வாரம் போகும். பெட்டியைப் பிரித்தபின் திருப்பி எடுக்க மறுக்கும் கடைகளும் உண்டு. ஆகவே பொருத்தம் பார்க்கும் வேலை முழுவதும் பணம் கொடுப்பதற்கு முன்பே, காகிதத்தில் முடிந்துவிட வேண்டும்.

பொருத்தத்தின் மூன்று அடுக்குகள்

ஒரு பாகம் இன்னொன்றோடு ஒத்துப்போவதை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

1. உருவம்: ப்ராசசர் அதற்கான சாக்கெட்டில் உட்காருமா, ஸ்லாட்டில் ஏறுமா, கேபினெட்டுக்குள் இடம் இருக்குமா.

2. மின்சாரம்: தேவையான வாட் கிடைக்குமா, சரியான கனெக்டர் இருக்கிறதா, வோல்டேஜ் ஏறி இறங்கினால் தாங்குமா.

3. பயாஸ்: மதர்போர்டில் (இனி ‘போர்டு’) எழுதப்பட்டிருக்கும் தொடக்க மென்பொருள் அந்தப் பாகத்தை அடையாளம் கண்டுகொள்ளுமா.

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் அடுக்கைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் உருவத்தில் தவறு இருந்தால் அது உடனே தெரிந்துவிடும்: உள்ளே போகாது, அவ்வளவுதான். உள்ளே போய், திருகு முடுக்கி, சுவிட்சைப் போட்ட பிறகும் ஓடாதவைதான் நாள்களையும் பணத்தையும் தின்கின்றன. இந்தக் கட்டுரை அதிக நேரம் நிற்பது இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளில்தான்.

ப்ராசசரும் போர்டும்

இது மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஜோடி. போர்டு முடிவானால் ரேமின் வகை, எஸ்எஸ்டியின் வகை, கேபினெட்டின் குறைந்தபட்ச அளவு, பிற்காலத்தில் எதுவரை மேம்படுத்தலாம் என்பது எல்லாம் அதோடு முடிவாகிவிடும். இன்று கடைகளில் புதிதாகக் கிடைக்கும் சாக்கெட்டுகள் நான்கு.

1. ஏஎம்4: ஏஎம்டியின் பழைய சாக்கெட். ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரை. டிடிஆர்4 ரேம் மட்டும்.

2. ஏஎம்5: 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. டிடிஆர்5 மட்டும். 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

3. எல்ஜிஏ 1700: இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகள். போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. ஒரே போர்டு பெயரில் இரண்டு வகையும் வருவதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

4. எல்ஜிஏ 1851: 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை. டிடிஆர்5 மட்டும்.

சாக்கெட் ஒன்றுதான் என்பதற்காக ப்ராசசர் ஓடிவிடாது. இன்டெல்லின் எல்ஜிஏ 1151 இதற்குத் தெளிவான உதாரணம். 6, 7-ஆம் தலைமுறைகளும் அந்தச் சாக்கெட்தான், 8, 9-ஆம் தலைமுறைகளும் அதேதான். 8-ஆம் தலைமுறை ப்ராசசரை இஸட்270 போர்டில் வைத்தால் ஒழுங்காக உட்காரும், ஆனால் ஓடாது. அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும். பழைய பாகங்களை இரண்டாம் கையாக வாங்குபவர்கள் இன்றும் இந்த இடத்தில் சிக்குகிறார்கள்.

போர்டின் பெயரில் வரும் எச்610, பி760, பி650 போன்றவை சிப்செட்டின் பெயர்கள். எத்தனை யுஎஸ்பி, எத்தனை எஸ்எஸ்டி, ஓவர்கிளாக் செய்யலாமா (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா) என்பதையெல்லாம் சிப்செட் முடிவு செய்கிறது. முதல் முறை கட்டுபவருக்கு நடுத்தரமான ‘பி’ வரிசை போதும். ‘எச்610’, ‘ஏ620’ போன்ற அடிமட்டப் போர்டுகள் அலுவலக வேலைக்குப் பரவாயில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ரேம் ஸ்லாட் இரண்டே இருக்கும். ப்ராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியும் எளிமையாகவே இருக்கும். அதன்மேல் அதிக வாட் இழுக்கும் ப்ராசசரை வைத்தால் விஆர்எம் சூடேறி, ப்ராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது.

இனி பயாஸ். ஒரு போர்டு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் சந்தையில் இருந்த ப்ராசசர்களை மட்டுமே அதன் பயாஸுக்குத் தெரியும். பி650 போர்டுகள் 2022-இல் வந்தவை. ரைசன் 9000 வரிசை வந்தது 2024-இல். கடையில் வெகுநாள் கிடந்த பி650 போர்டில் புதிய ரைசன் 9000 ப்ராசசரை வைத்தால் திரை இருட்டாகவே இருக்கலாம். பி450 போர்டில் ரைசன் 5000 வைப்பதும் இதே கதைதான். செய்ய வேண்டியது இரண்டு.

1. போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், சிபியு ஆதரவுப் பட்டியலைத் திறந்து, உங்கள் ப்ராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் வாய்மொழியைவிட இந்தப் பட்டியல் நம்பத்தக்கது.

2. போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் ப்ராசசரும் ரேமும் இல்லாமலே, ஒரு பென்டிரைவும், மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துப் பயாஸை மாற்றிவிடலாம். முதல் முறை கட்டுபவர் இதற்காகக் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கொடுப்பது சரியான செலவு.

ப்ராசசர் பெயரின் கடைசி எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ஏஎம்4-இல் இது தலைகீழ்: ரைசன் 5 5600-இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-இல் உண்டு. ஏஎம்5-இல் ரைசன் 5 7600-க்குள் அடிப்படை கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்-இல் இல்லை. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டமிடுபவர்கள் இந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

“ஐ5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்” என்று வரும் மலிவு விளம்பரங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐ5 என்பது 2009 முதல் இருக்கும் பெயர். அது எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லாது. இந்த விளம்பரங்களில் இருப்பது பெரும்பாலும் ஐ5-3470 அல்லது ஐ5-4570 போன்ற, 2012, 2013 காலத்து ப்ராசசர்கள். பழைய கணினிகளிலிருந்து கழற்றியவற்றைப் புதிதாகச் செய்த எச்61, எச்81 போர்டுகளில் வைத்து விற்கிறார்கள். போர்டு பளபளவென்று இருக்கும். ஆனால் விண்டோஸ் 11-க்கான தகுதி கிடையாது. கணினி மாற்றுவதே விண்டோஸ் 11-க்காக என்றால், இது புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ப்ராசசர் நம்பர் முழுசா என்ன?”

ரேம்: விலையே பாதையைத் தீர்மானிக்கும் நேரம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் போட முடியாது. வலுவாக அழுத்தினால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் நீளத்தில் குட்டை, அதுவும் சேராது.

ஏமாற்றுவது வேறொன்று. சர்வர்களிலிருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ வகை டிடிஆர்4 ரேம் இரண்டாம் கைச் சந்தையில் குறைந்த விலைக்கு வருகிறது. அது டெஸ்க்டாப்பின் டிடிஆர்4 ஸ்லாட்டில் சத்தமில்லாமல் ஏறிவிடும். வழக்கமான டெஸ்க்டாப் போர்டு அதை வைத்துத் தொடங்காது. ரேம் விலை ஏறியிருக்கும் இந்தச் சமயத்தில் இந்த வலை இன்னும் விரியும். ரேமின் ஸ்டிக்கரில் ‘ஆர்’ எழுத்தோடு வரும் பிசி4-2400டி-ஆர் போன்ற குறி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டெஸ்க்டாப்புக்கு உரியதில் அந்த இடத்தில் ‘யு’ இருக்கும்.

புதிதாகக் கட்டுவதில் எந்தப் பாதை? பழைய கணினியில் நல்ல டெஸ்க்டாப் டிடிஆர்4 ரேம் ஏற்கெனவே 16 ஜிபி இருந்தால், அதை வைத்துக்கொண்டே எல்ஜிஏ 1700-இன் டிடிஆர்4 போர்டு அல்லது ஏஎம்4 போர்டு பக்கம் போவது இன்றைய விலையில் நியாயமான முடிவு. கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் புதிது என்றால் ஏஎம்5 நல்லது. டிடிஆர்4 உற்பத்தி குறைந்துகொண்டே வருகிறது. இன்று அதில் போடும் பணம் அடுத்த போர்டுக்கு வராது. ஏஎம்5-இல் மூன்று நான்கு ஆண்டு கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

ஒரே ரேமாக வாங்குவதைவிட, பாதி அளவில் இரண்டு இருந்தால் வேகம் கூடும். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை மட்டும் நம்புபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் தரும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். நான்கையும் டிடிஆர்5-ஆல் நிரப்பினால் வேகம் குறையும். பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும், பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால் ரேம் அந்த வேகத்தில் ஓடாது.

எஸ்எம்பிஎஸ்: காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

கேபினெட்டோடு சேர்த்து ‘450 வாட்’ என்று எழுதி வரும் எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்டிவிடும் பழக்கம் நம் கடைகளில் நிறைய உண்டு. அந்த எழுத்தை நம்புவதற்கு முன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது 12 வோல்ட் மின்சாரத்தை. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் இருக்கிறதோ அதை 12-ஆல் பெருக்கினால் உண்மையில் பயன்படும் வாட் தெரியும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். மேலே 450 என்று எழுதியிருந்தாலும் பாரம் தாங்குவது அவ்வளவுதான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ரைசன் 5 7600-இன் பெயருக்குப் பக்கத்தில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட். கூட்டினால் 263. இதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று சொல்வது வீண் செலவு போலத் தோன்றும். காரணம் உண்டு: கிராபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும், எஸ்எம்பிஎஸ் பாதிப் பாரத்தில் ஓடும்போதுதான் சிக்கனமாகவும் சூடு குறைவாகவும் இருக்கும், ஆண்டுகள் போகப் போக அதன் கெப்பாசிட்டர்களின் வலு குறையும். இன்டெல் ப்ராசசர்களுக்குக் கணக்குப் போடும்போது இன்னும் கவனம் வேண்டும். ஐ5-12400-இன் அடிப்படை அளவு 65 வாட், டர்போ என்ற உச்ச வேகத்தில் 117 வாட்.

‘80 பிளஸ்’ முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஓவர்வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது அதில் இல்லை. ஆனாலும் அந்த முத்திரைகூட இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸைக் கிராபிக்ஸ் கார்டோடு சேர்க்காதீர்கள். ஐந்தாண்டு வாரன்டி கொடுக்கும் மாடல் என்றால் தயாரிப்பாளருக்கே அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கனெக்டர்கள் விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள்.

1. ப்ராசசருக்கான 8 பின் கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். முதலாவது இரண்டு நான்காகப் பிரியும், இரண்டாவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

2. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதன் கேபிளை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் மாட்டக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் எதுவும் இல்லை. பின் அமைப்பு மாறினால் எஸ்எஸ்டியும் போர்டும் அந்த நொடியே போகும்.

3. கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கும். 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் 150 வாட் தரும். ஹார்டு டிஸ்க் கேபிளிலிருந்து 8 பின்னாக மாற்றும் மலிவு அடாப்டர்கள் கருகியதைக் காணாத சர்வீஸ் கடை இருக்காது.

இடி, எர்த், இன்வெர்ட்டர்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம். மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இந்த மண்ணில் சித்திரை மாதக் கோடை மழையும், ஐப்பசியில் தொடங்கும் மழையும் பிற்பகல் இடி மின்னலோடுதான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் துலாவர்ஷம் என்று சொல்வதும் இந்த மழையைத்தான்.

சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி, வரும் அதிக வோல்டேஜை எர்த் கம்பிக்குத் திருப்பிவிடும் அமைப்பு. வீட்டில் எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இணைத்திருக்காது. இரும்புக் கேபினெட்டைத் தொடும்போது லேசாகச் சுறுசுறு என்று இருந்தால் அது எர்த் இல்லாததன் அறிகுறி. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்சாரம், இறங்க இடமில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. பாகம் வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதைச் சரிபார்ப்பது, எந்த விலையுயர்ந்த போர்டைவிடவும் அதிகப் பலன் தரும்.

மின்னல் நேரத்தில் பவர் ப்ளக்கைப் பிடுங்குபவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் கம்பியில் மின்சாரம் வராது, சரி. ஆனால் ரவுட்டர் கரண்டில் ஓடுகிறது. அங்கே இறங்கும் சர்ஜ் லேன் கேபிள் வழியாக நேரே போர்டுக்கு வரும். லேன் போர்ட் மட்டும் செத்துப்போன போர்டுகள் மழைக்காலத்துக்குப் பிறகு சர்வீஸுக்கு வருவது இதனால்தான். இரண்டையும் பிடுங்க வேண்டும்.

யுபிஎஸ், இன்வெர்ட்டர் பற்றிச் சுருக்கமாக. 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். மேலே போட்ட கணக்கோடு மானிட்டரையும் சேர்த்தால் சமாளிக்கும், சில நிமிடங்கள் மட்டும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். அதில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியைத் தன் கெப்பாசிட்டர் பலத்தில் தாண்டுவது எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. நல்லவை முழுப் பாரத்தில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும். அதைவிட மெதுவாக மாறும் இன்வெர்ட்டரில் ஒவ்வொரு பவர்கட்டுக்கும் கணினி அணைந்து தொடங்கும்.

கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும்

கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்து, கேபினெட் அனுமதிக்கும் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தடிமனும் முக்கியம், இரண்டரை ஸ்லாட் கார்டு கீழே உள்ள மற்ற ஸ்லாட்டுகளை மறைத்துவிடும். கார்டு ஏறும் ஸ்லாட்டின் தரமான பிசிஐஇ-இன் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், பழைய போர்டில் புதிய கார்டு ஓடும். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல, போர்டோடு தரவு பரிமாற நான்கே பாதை பயன்படுத்தும் மலிவுக் கார்டுகள், பிசிஐஇ 3.0 போர்டில் கணிசமாக வேகம் இழக்கும். பழைய போர்டுக்குக் கார்டு மட்டும் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய மானிட்டரை வைத்துக்கொள்வது நல்ல சிக்கனம். அதில் நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால், இன்றைய கார்டுகளில் விஜிஏ கிடையாது; எச்டிஎம்ஐ-இலிருந்து மாற்றும், உள்ளே சில்லு வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கேபிள் வேலைக்கு ஆகாது. கார்டு போட்டபின் மானிட்டர் கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும், போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ-இல் மாட்டக் கூடாது.

எஸ்எஸ்டி, கூலர், கேபினெட்

போர்டிலேயே நேரே செருகும் எம்.2 எஸ்எஸ்டிகளில் என்விஎம்இ, சாட்டா என இரண்டு வகை, ஒரே உருவம். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைப் போட்டால் உட்காரும், கணினிக்குத் தெரியாது. இன்று புதிதாக வாங்குவதென்றால் என்விஎம்இ வாங்குங்கள், பிரச்சினை முடிந்தது. பழைய ஹார்டு டிஸ்க்கையும் மாட்டப்போகிறவர்கள் போர்டின் கையேட்டில் ஒன்று பார்க்க வேண்டும்: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட் நிரம்பினால் ஹார்டு டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும்.

ரைசன் 5 7600 பெட்டியில் கூலர் கூடவே வரும். பெயரில் ‘எக்ஸ்’ உள்ள ஏஎம்5 ப்ராசசர்களிலும் இன்டெல்லின் ‘கே’ மாடல்களிலும் பெரும்பாலும் வராது. அதற்குத் தனிச் செலவு. பழைய எல்ஜிஏ 1200 கூலரின் திருகுத் துளைகள் 1700-க்குச் சேராது, மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். கேபினெட் எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலரை ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கு 244-க்கு 244 மில்லிமீட்டர் இடம் வேண்டும், ஏடிஎக்ஸுக்கு 305-க்கு 244. பெரியதில் சிறியது போகும். முன்பக்கம் கண்ணாடியால் மூடியதைத் தவிர்த்து, வலை உள்ளதை வாங்குங்கள். நம் புழுக்கத்துக்குக் காற்று வேண்டும். குளச்சல், தேங்காப்பட்டணம் போலக் கடலோரம் வீடு என்றால் உப்புக் காற்று கனெக்டர்களை அரிக்கும். ஜன்னலுக்குப் பக்கத்தில் கணினியை வைக்காதீர்கள்.

எல்லையின் எந்தப் பக்கம் வாங்குவது

கேரளத்தில் வரி கூடுதல் என்ற பேச்சு இங்கே இன்னும் உண்டு. அதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது: 2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜூலை வரை கேரளத்தில் சில்லறை விற்பனையில் பல பொருள்களுக்கு ஒரு சதவீத வெள்ள நிவாரண செஸ் இருந்தது. அது முடிந்துவிட்டது. கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் 18 சதவீதமே. ஆகவே விலை வித்தியாசம் கடைக்குக் கடை இருப்பதுதான். பார்க்க வேண்டியது இவை.

1. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் செட்’ என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்து வாரன்டி கேட்பது பெரும் பாடு.

2. வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாகம் மலிவாக இருக்கலாம். எல்லா நிறுவனமும் அதற்கு இங்கே சர்வீஸ் தராது.

3. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று வாங்கும் முன்பே பாருங்கள். போர்டு, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு மூன்றுக்கும் இது முக்கியம். ஐந்நூறு ரூபாய் குறைவு என்று வாங்கிய போர்டை சென்னைக்கோ கொச்சிக்கோ கூரியரில் அனுப்புவதென்றால் அந்த ஐந்நூறு அங்கேயே போய்விடும்.

4. முடிந்தால் ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றையும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குங்கள். கணினி தொடங்காவிட்டால் எந்தப் பாகத்தில் குறை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அப்போது ஒரே இடத்தில் இருக்கும். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு கடையும் அடுத்த கடையைக் கைகாட்டும்.

முதல் சுவிட்ச்

டிடிஆர்5 போர்டுகள், குறிப்பாக ஏஎம்5, முதல் முறை தொடங்கும்போது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும், விசிறி மட்டும் சுற்றும். பாகம் கெட்டுவிட்டது என்று பயந்து நடுவில் அணைத்தால் வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் விடுங்கள். அதற்கு மேலும் ஒன்றும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய சிறு விளக்குகளில் எது எரிகிறது என்று பாருங்கள். எந்த அடுக்கில் சிக்கல் என்பதை அது காட்டிக்கொடுக்கும். டிராம் விளக்கு எரிந்தால் ஒரு ரேமை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து முயலலாம்.

திரை வந்ததும் உடனே விண்டோஸ் போட வேண்டாம். பயாஸில் ப்ராசசர் பெயரும் ரேம் அளவும் எஸ்எஸ்டியும் சரியாகத் தெரிகின்றனவா, டிபிஎம் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்டியில் அது எஃப்டிபிஎம் என்றும் இன்டெல்லில் பிடிடி என்றும் இருக்கும். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவிலிருந்து ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். அதன்பின் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-ஐ இயக்கி, இன்னொரு சுற்று. முதல் சுற்றிலேயே பிழை வந்தால் ரேமை மாற்றித்தரக் கேளுங்கள். இரண்டாவதில் மட்டும் வந்தால் முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள். இதையெல்லாம் மாற்றித்தரும் காலக்கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். அதுவரை பெட்டி, பில், உள்ளே இருந்த பிளாஸ்டிக் மூடி எதையும் எறியாதீர்கள். முக்கியமாக போர்டின் சாக்கெட்டை மூடியிருந்த கறுப்பு மூடியை. அது இல்லாமல் கொடுத்தால், உள்ளே பின் வளைந்திருக்கிறது என்று சொல்லி போர்டைத் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.